பக்கவாட்டு வாசல்

என் தம்பி தலைநகரில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறான். அக்கா நான் எல்லையில் அதிகாரியாக நின்று அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டுகிறேன். வீட்டில் எனக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். வைத்தவனும் அவன்தான்.

குடியேற்றச் சட்டத்தைத் திருத்தும் குழுவில் அவன் சேர்ந்ததிலிருந்து தொலைபேசியில் ஓயாத வாக்குவாதம். வேலி தாண்டி வருகிறவர்களை விசாரணை முடியும்வரை அடைத்து வைப்பது எங்கள் வழக்கம். பெரியவர்கள் ஒரு கட்டடம், பிள்ளைகள் வேறு கட்டடம். அவன் எழுதிய புதிய பிரிவின்படி, கைரேகை எடுத்துப் பின்னணியைச் சரிபார்த்த பிறகு, ஆபத்தில்லாதவர்களைக் குடும்பத்தோடு ஊருக்குள் தங்க விடலாம். விசாரணை நாளில் அவர்களே வந்து நிற்பார்களாம். யார் காதில் பூ சுற்றுகிறாய் என்று கேட்டேன். கடைசியில், சரிபார்ப்பை நான் சொல்கிறபடி இறுக்கினால் எங்கள் எல்லையில் சோதனையாக நடத்திப் பார்க்கச் சம்மதம் என்றேன். மறுபேச்சில்லாமல் இறுக்கினான். முதல் வாரமே போலிப் பாஸ்போர்ட்டோடு ஓர் ஆள்கடத்தல்காரன் மாட்டினான். அன்று தம்பியைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை, தலைக்கேறிவிடும்.

அந்தச் சோதனையில் முதலில் வெளியே விடப்பட்டவள் ஒரு தையல்காரி, கூடவே அவள் மகள். இருவரும் வேலிக்கு அடியில் ஊர்ந்து வரும்போது பிடிபட்டவர்கள். பிள்ளையின் முழங்கையெல்லாம் கம்பி கிழித்திருந்தது. மருந்து போடச் சொல்லிவிட்டு, தாயை நான் ஒரு பிடி பிடித்தேன். எங்கள் அலுவலக முன்வாசலில், அனுமதி கேட்டு மனுக் கொடுப்பவர்களின் வரிசை எப்போதும் இருக்கும். அதைக் காட்டினேன்.

"அத்தன பேரு வெயில்ல நிக்கிறாங்க, ஒனக்கு மட்டும் குறுக்கு வழியா? இனிமே இங்க எப்ப வந்தாலும் வரிசையிலதான் வரணும்."

தாய் தலையாட்டினாள். பிள்ளையும் தலையாட்டியது.

விசாரணை நாளன்று தம்பியும் நேரில் வந்துவிட்டான். விசாரணைக்கு வருகிறவர்களுக்கென்று பக்கவாட்டு வாசலில் ஒரு காவலரை நிறுத்தியிருந்தோம். தையல்காரிக்கும் அந்த வாசலைத்தான் சொல்லி அனுப்பியிருந்தோம். மாலை மணி அடிப்பதற்குள் வராவிட்டால் அவள் தப்பியோடியவள். பிள்ளையோடு பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் கூடும் குழு அந்தப் பிரிவையும் அடித்துவிடும்.

மதியம் தாண்டியும் ஆளைக் காணோம். தம்பிக்கு வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. நான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஜெயித்தவள் நான், ஆனால் அதில் சந்தோஷமில்லை. கிழிந்த அந்த முழங்கைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மணி அடிக்கச் சற்று முன்பு, முன்வாசல் வரிசையில் மிச்சமிருப்பவர்களுக்கு மறுநாள் டோக்கன் கொடுப்பது வழக்கம். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அன்று நானே எடுத்துக்கொண்டு போனேன். வரிசை சாலைத் திருப்பம்வரை இருந்தது. கொடுத்துக்கொண்டே போனவள், நீட்டிய ஒரு சின்னக் கையைப் பார்த்து நின்றுவிட்டேன். முழங்கையில் ஆறிய தழும்புகள். பக்கத்தில் தையல்காரி, உதடு வறண்டு நின்றிருந்தாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பக்கத்து வாசலுக்கு வரச் சொன்னாங்கல்ல? இங்க என்ன பண்ற?"

"வரிசையிலதான் வரணும்னு நீங்க சொன்னீங்களேங்க. இத்தன பேரத் தாண்டிப் போனா, மறுபடியும் குறுக்கு வழின்னு பிள்ளையப் பிரிச்சுருவீங்களோன்னு பயமா இருந்துச்சு. காலையில ஒரு தடவ உங்ககிட்டயே கேக்க வந்தேன். வரிசைக் கோட்டுக்குப் பின்னாடி போய் நில்லுன்னுட்டீங்க."

காலையில் வரிசையைச் சரிசெய்தபோது யாரையோ அதட்டியது நினைவிருந்தது. முகத்தைப் பார்த்த நினைவில்லை. வந்து நிற்க மாட்டாள் என்று நான் சாதித்த பெண், காலையிலிருந்து என் கண்ணெதிரே நின்றிருக்கிறாள்.

டோக்கன் கட்டைப் பக்கத்திலிருந்த காவலரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து வேகமாக நடந்தேன். பக்கவாட்டு வாசலில் அது காலை ஊன்றிக்கொண்டு திரும்பி வரிசையைப் பார்த்தது.

"எங்க முறை இன்னும் வரலியே."

"வந்துருச்சு, வா," என்றேன்.

அவர்கள் விசாரணை அறைக்குள் போன பிறகுதான் மணி அடித்தது. தம்பி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

"ஒன் பிரிவுல ஒரு வரி சேத்துக்கடா," என்றேன். "ஒருத்தர ஓடிட்டாங்கன்னு பதியிறதுக்கு முன்னாடி, அதிகாரி வெளிய போய் வரிசையில நிக்கிற ஒவ்வொரு முகத்தையும் பாக்கணும்."

"பேசுறது பூட்டா?"

"மொதல்ல எழுதுடா."