மணலில் பொறுக்கியவை

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் மெர்வின் கடற்கரைக்குப் போகாமல் இருந்ததே இல்லை. போர்த் கெலின் என்ற அந்தக் கடலோரக் கிராமத்துக்கு மேற்கே முழுக்க ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சித் திடல். சிவப்புக் கொடி ஏறினால் கடலைப் பார்த்துச் சுடுவார்கள். இறங்கினால் மேட்டில் ஆடுகள் மேயலாம், ஆட்கள் நடக்கலாம்; மணலுக்குப் போகிற வேலியை மட்டும் தாண்டக் கூடாது. கடலுக்குள் போன குண்டுகளில் சிலவற்றைப் புயல் திருப்பிக் கொண்டுவந்து மணலில் போடும். மெர்வின் அவற்றைப் பொறுக்கி வந்து கொட்டகையில் அடுக்குவான்.

அவனுடைய அண்ணன் இட்வல் அந்த மணலில்தான் செத்தான். பள்ளிக்கூடம் போகிற வயது. பளபளவென்று கிடந்த எதையோ எடுத்துக் கல்லில் தட்டினான். மேட்டில் நின்றிருந்த சின்னவன் மெர்வின் எல்லாவற்றையும் பார்த்தான். ராணுவ முகாமிலிருந்து வந்த அதிகாரி, வேலி தாண்டியது பையனுடைய தப்பு என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மெர்வினுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முகாம் ஆட்கள் யாரோடும் அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதெல்லாம் தெரிந்துதான் டெக்வென் அவனைக் கட்டிக்கொண்டாள். கொட்டகைப் பக்கம் மட்டும் போக மாட்டாள்.

அந்த வசந்தத்தில் ஊர்த் தபால் நிலையக் கடையை நடத்தும் மென்னா வந்தாள். ஊரின் ராணுவ வரலாற்றுக்கு ஒரு விழா எடுக்கப் போகிறார்களாம்.

"மெர்வின், உன் பழைய இரும்பையெல்லாம் சேப்பல் ஜெபக்கூடத்துல பரப்பி வெச்சா, வர்ற ஜனம் வாயைப் பொளந்துடும்."

"இட்வல் பேரையும் எழுதி வைப்பீங்களா?"

மென்னா டெக்வெனைப் பார்த்தாள். "கமிட்டில கேக்குறேன்ப்பா."

அதுவே போதும் என்று அவன் ஒத்துக்கொண்டதுதான் டெக்வெனுக்கு ஆச்சரியம். ஆடு குட்டி போடும் காலம். அவன் மேய்ச்சலில் இருந்தான். சாமான்களைத் துடைத்து வைக்கலாமென்று அவள் கொட்டகைக்குள் போனாள். முன்னால் இருந்தவை எல்லாம் கிழிந்த தகடுகள், துருப்பிடித்த துண்டுகள். பின்னால், சாக்குக்கு அடியில், மூக்கு உடையாத குண்டுகள் முழுசாகக் கிடந்தன. கையிலிருந்த துணியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் சூப்பை ஊற்றும்போது கேட்டாள். "சாக்குக்கு அடியில இருக்கறது வெடிச்சதா, வெடிக்காததா?"

"தெரியல."

"தெரியலயா? பேத்திங்க அந்தக் கொட்டகைலதான ஒளிஞ்சு விளையாடுதுங்க!"

"மணல்ல கிடந்தா வேற யாரோட பிள்ளையாவது எடுக்கும்."

"முகாமுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?"

"அவனுங்ககிட்டயா?" என்றான். சூப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் மேய்ச்சலுக்குப் போனதும் அவள் போன் செய்தாள். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

ஊரையே காலிபண்ணி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பக்கத்துப் பண்ணை க்விலிம் கத்தினான்: "அடப்பாவி! இத்தனை வருஷமா உன் கொட்டகைச் சுவத்துல சாஞ்சுக்கிட்டுதான்டா சிகரெட் புடிச்சேன்!"

"நல்லவேளை, சேப்பலுக்குக் கொண்டாரல," என்றாள் மென்னா. "பாட்டுக் கோஷ்டி மொத்தமும் பாடிக்கிட்டே மேல போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மெர்வின் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். யார் போன் செய்தது என்று அவன் கேட்கவே இல்லை.

ராணுவத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். சாக்குக்கு அடியில் இருந்ததில் சிலது இன்னும் வெடிக்கக் கூடியது, கடற்கரைக்குக் கொண்டுபோய் வெடிக்க வைக்கப் போகிறோம் என்றாள். "யார் சார் இதையெல்லாம் தூக்கிட்டு வந்தது?"

"நான்தான். வேலி தாண்டினது என் தப்புன்னு எழுதிக்கோ."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டெக்வென் அவளைத் தனியே அழைத்துப்போய் இட்வலைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெர்வின் முன்னால் நின்றாள். பிறகு கடற்கரைக்குக் கிளம்பினாள்.

குண்டு வெடித்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மெர்வின் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது. "இட்வலுக்கு இவ்வளவு சத்தம் வரல," என்றான். "கதவு சாத்துற மாதிரிதான் கேட்டுச்சு."

விழா நடந்தது. ராணுவ வண்டிகள் வந்தன, வாத்தியம் முழங்கியது. இட்வல் பெயர் எங்கேயும் இல்லை. இவர்கள் இருவரும் போகவில்லை. காலியான கொட்டகையை மெர்வின் பூட்டிவிட்டு மாடி அறையில் தனியாகப் படுக்க ஆரம்பித்தான். சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும். தான் செய்தது சரிதான் என்பதில் டெக்வெனுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இலையுதிர் காலத்தின் முதல் புயல் ஓய்ந்த காலையில் அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"போறியா?" என்றாள்.

"ம்."

"ஏதாவது கண்ணுல பட்டா?"

அவன் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றான். "தொட மாட்டேன். வந்து உன்கிட்ட சொல்றேன். நீ போன் பண்ணு. அவனுங்ககிட்ட நான் பேச மாட்டேன்."

"நான் பேசறேன்," என்றாள்.

அவன் ஒற்றை ஆளாக மேட்டில் இறங்கிப் போனான். மேட்டுக்கு மேல் அவன் தலை திரும்பவும் தெரிகிறவரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.