பரவாயில்லை என்கிற ஊர்

ஹால்வரின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கவில்லை. பிப்ரவரி மாதத்தில் மினசோட்டா மண் பாறையாக உறைந்து கிடக்கும். பனி உருகி மே மாதம் வரும்வரை, இறந்தவர்கள் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்துச் செங்கல் அறையில் காத்திருக்க வேண்டியதுதான். ஆறு பேர் சுமந்துபோய் உள்ளே வைத்தார்கள். பாதிரியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். கதவைப் பூட்டியதும் எல்லோரும் விறுவிறுவென்று தேவாலயத்தின் அடித்தளக் கூடத்துக்கு நடந்தார்கள். அங்கே காபி கொதித்துக்கொண்டிருந்தது.

மகள் மாரிட் கடைசியாக இறங்கி வந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டியவுடனே, பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த வெர்னா ஒரு தட்டை அவள் கையில் திணித்தாள். வெண்ணெய் தடவிய பன்னில் பன்றி இறைச்சி, பக்கத்தில் தளதளவென்று பச்சை ஜெல்லி. இந்தச் சபையில் யார் செத்தாலும் வெர்னாவின் ஜெல்லியைத் தின்றுதான் தீர வேண்டும்.

"எப்படி இருக்க?"

"பரவாயில்ல, வெர்னா."

"அதானே. ஹால்வர் பொண்ணாச்சே!"

பக்கத்து மேசையில் அப்பாவின் சிநேகிதர் லாய்ட் ஆரம்பித்துவிட்டார். "மரம் அறுக்கிற மெஷின் அவன் கால்ல இறங்கிடுச்சு. பூட்ஸ் பூரா ரத்தம். என்னடா ஆச்சுன்னு நான் கத்தறேன். 'லேசா உரசிடுச்சு, மிச்ச விறகையும் அடுக்கிட்டுப் போயிடலாம்'ங்கறான்! தையல் போடற டாக்டர்கிட்டயே மன்னிப்பு கேக்கறான்யா, சாப்பாட்டு நேரத்துல வந்து தொந்தரவு பண்ணிட்டோம்னு!"

கூடமே சிரித்தது. மாரிட்டும் சிரித்தாள்.

அப்பாவுக்கு நடுக்கவாதம். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய நிலை வந்தபோது, மெக்சிகோவில், எல்லை தாண்டியதும் வரும் டிவானா நகரத்தில், ஸ்டெம் செல் சிகிச்சை தரும் மருத்துவமனையைத் தேடிப் பிடித்தவள் மாரிட்தான். இன்னும் சோதனையில் இருக்கும் சிகிச்சை. இங்கே கிடைக்காது. "இருக்கறத வச்சு ஓட்டிடலாமே" என்றார் அப்பா. அவள் விடவில்லை. ஊரும் விடவில்லை. தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் சுட்டு விற்று, செலவுக்குப் பணம் சேர்த்து அவரை வழியனுப்பியது. "இனிமே அந்த பான்கேக்குக்காகவாவது நான் குணமாகணும்" என்று விமானத்தில் சொன்னார்.

முதுகுத்தண்டில் இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் அவருக்குக் கழுத்து இறுகியது. டாக்டர் சிரித்த முகத்தோடு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்பா பரவாயில்லை என்றார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். டாக்டர் சந்தோஷமாகக் கை குலுக்கிவிட்டுப் போனார். அந்த ஆளுக்கு என்ன தெரியும்? அவருடைய ஊரில் வலித்தால் வலிக்கிறது என்று சொல்வார்கள். தொட்டுப் பார்த்திருக்கலாம்; பார்க்கவில்லை. ஆனால் மாரிட் இந்த ஊர்க்காரி. அப்பா முட்டைத் தட்டைத் தள்ளி வைத்ததையும், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அந்தப் 'பரவாயில்லை'க்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு அது நல்ல செய்தியாக இருக்க வேண்டியிருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டாள். திரும்ப எல்லை தாண்டி இந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தொற்று மூளைக்கு ஏறியிருந்தது.

ஊராரிடம் திடீர் காய்ச்சல் என்று மட்டும் சொன்னாள். பான்கேக் சுட்டவர்கள் மனம் நோகக் கூடாதே.

"நீதானே ஹால்வர் பொண்ணு?"

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தயங்கித் தயங்கி எதிரே வந்து நின்றாள். "நான் லவோன். பக்கத்து ஊரு. என் வீட்டுக்காரர் டுவேன் கார்ல இருக்கார். படியெல்லாம் ஐஸு, அவரால இறங்க முடியாது. அவருக்கும் உங்கப்பாவுக்கு வந்த வியாதிதான். வியாழக்கிழமை அதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்." குரலைத் தாழ்த்தினாள். "காய்ச்சல் வந்தது விதி, அத விடு. அந்த ஊசி அவருக்குக் கேட்டுச்சாம்மா?"

லாய்ட் பேச்சை நிறுத்தியிருந்தார். வெர்னா காபி ஜாடியோடு அங்கேயே நின்றாள். பான்கேக் சுட்ட முகங்கள் எல்லாம் மாரிட்டையே பார்த்தன.

"பரவாயில்லாம இருந்துச்சு" என்றாள் மாரிட்.

லவோனின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேன், நான் சொன்னேன் அவர்கிட்ட!" மாரிட்டின் கையை அழுத்தினாள். கணவனுக்கென்று இரண்டு கேக் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு படியேறினாள்.

மாரிட் கையிலிருந்த ஜெல்லியைப் பார்த்தபடி நின்றாள். தன் மீதே அருவருப்பாக இருந்தது. அப்பாவைக் கொன்ற வார்த்தையை அவர் பெட்டியைத் தொட்ட குளிர் கையை விட்டுப் போவதற்குள் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தாயிற்று. தட்டை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏய், கோட்டு! கோட்டப் போட்டுட்டுப் போடி!" வெர்னாவின் குரல் பின்னால் கேட்டது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நகரத் தொடங்கியிருந்த காரின் கண்ணாடியைத் தட்டினாள். டுவேனின் விரல் ஆடி ஆடிப் பொத்தானைத் தேடியது. கண்ணாடி இறங்கியது.

"உள்ள ஏறும்மா. உறைஞ்சு போயிடுவ."

பின் இருக்கையில் டிவானா பயணத்துக்கு வாங்கிய, விலைச்சீட்டு கழற்றாத புது வெயில் தொப்பி ஒன்று கிடந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உள்ள நான் சொன்னது பொய்" என்றாள். "ஊசி கேக்கல. அதுலதான் சீழ் பிடிச்சுது. அதுலதான் அப்பா செத்தார். அவர் வலிக்குதுன்னு வாயத் திறக்கல. எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் கேக்கல."

லவோன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார் டுவேன். இத்தனை நாளில் அதை யாரும் கேட்கவில்லை.

"ஆமா. ரொம்ப."

அவர் தலையாட்டினார். "அந்தத் தொப்பியக் குடு" என்றார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லவோன், எனக்கு இது பிடிக்கவே இல்ல."

லவோன் திரும்பினாள். "கடையில நல்லாருக்குன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"வேற என்னெல்லாம் பிடிக்கலடா உனக்கு?" அவள் குரல் உடைந்தது.

டுவேன் தொப்பியை அவள் மடியில் வைத்தார். லவோன் கையை நீட்டி என்ஜினை அணைத்தாள். துடைப்பான் கண்ணாடியின் பாதியில் நின்றது. அதன் மேல் பனி சேரத் தொடங்கியது.