சம்பந்தி வீட்டு எஞ்சின்

சங்ககிரியில் எஞ்சினை யாரும் விலைக்குக் கொடுப்பதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுதான் வழக்கம். காருக்கு லாரி எஞ்சின் வேண்டுமென்றால், காரின் எஞ்சினை அந்த லாரி வீட்டுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தால், அடுத்த வீட்டுப் பெண்ணையும் அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும்.

செங்கோட்டுவேலின் கார் அமெரிக்காவில் செய்தது, அறுபத்தொன்பதாம் வருஷத்து மாடல். நீண்ட மூக்கு, இரண்டே கதவு. அதன் எஞ்சினை அவர் முப்பது வருஷம் செல்லமாக வளர்த்திருந்தார். காலையில் மூன்றாவது முறை சாவியைத் திருப்பினால்தான் எழுந்திருப்பாள். எழுந்த பிறகும் பத்து நிமிஷம் முணுமுணுப்பு. அவர் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாசி மாதத்தில் ஏற்காடு ஏறும்போது ஒரு மினி பஸ் அவரை முந்திப் போனது. போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அதன் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "தள்ளிவிடணுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டான். அந்த 'ங்களா'தான் மனுஷனைப் பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து இறங்கியதும் லாரி முதலாளி வையாபுரியைப் போய்ப் பார்த்தார். வையாபுரியிடம் பதினாறு சக்கர லாரி ஒன்று இருந்தது, அதில் புது மாடல் எஞ்சின். அமெரிக்கச் சம்பந்தம் என்றதும் வையாபுரிக்கு வாயெல்லாம் பல்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி ரத்தினம்மாள்.

"அவகிட்ட என்னத்தக் கேக்கறது? பெரியவங்க பாத்துச் செய்யறதுதான்."

வைகாசியில் மெக்கானிக் சம்சுதீனின் பட்டறையில் முகூர்த்தம். ஐந்து தட்டு சீர் போயிற்று: ஆயில், ஃபில்டர், புது பெல்ட், மஞ்சள், வெற்றிலை பாக்கு. சம்சுதீன் சங்கிலியைப் போட்டுத் தூக்கியபோது அவள் அந்தரத்தில் கொஞ்ச நேரம் ஆடினாள். இரண்டு சொட்டு ஆயில் செங்கோட்டுவேலின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. சட்டை பாழாகிவிட்டதே என்று அவர் முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பை நினைத்து நினைத்து அவர் பின்னால் குமைந்தது கொஞ்சநஞ்சமல்ல. கறையும் போகவில்லை.

வந்த மருமகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆள்தான் பெரிய உருவம். பானட்டை மூட முடியாததால் அதைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். அவள் தலையை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாவியைத் தொட்டாலே எழுந்துவிடுவாள். வழியில் புளியமரத்தடி டீக்கடை எதைப் பார்த்தாலும் தானாக ஓரங்கட்டி நின்றாள். புது இடம், பழக நாளாகும் என்று ரத்தினம்மாள் சொன்னாள். ஏற்காடு மலையில் மினி பஸ்ஸை ஒரே மூச்சில் முந்தினாள். செங்கோட்டுவேல் ஆசையாகத் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆனி மாதம் தொப்பூர் கணவாயில் வையாபுரியின் லாரியைப் பார்த்தார். முப்பது டன் சிமெண்ட். அது ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சினின் இருமலைக் கேட்டதுமே அவருக்கு யாரென்று தெரிந்துவிட்டது. நடுரோட்டில் மறித்து நலம் விசாரிப்பது சம்பந்தி முறையில்லை என்பதால் ஹாரன்கூட அடிக்காமல் கடந்து போனார்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அவளைக் கூட்டி வந்துவிடலாம். ஆனால் இவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். என்ன குறையைச் சொல்லி அனுப்புவது? ரத்தினம்மாளைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறாள், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. தன் தப்புக்கு இன்னொரு வீட்டுப் பெண் தலைகுனிய வேண்டுமா என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆடி பிறந்ததும் இரண்டு பெண்களும் தாய் வீட்டுக்கு வந்தார்கள். செங்கோட்டுவேல் பரணிலிருந்து பானட்டை இறக்கித் துடைத்து மாட்டினார். மறுநாள் காலை டீ டம்ளரோடு வந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே அவள் எழுந்துவிட்டாள். முணுமுணுப்பு இல்லை. டீயை அவர் கீழே வைத்துவிட்டார்.

"அங்க நல்லா இருக்கறயா சாமி?"

"நல்லா இருக்கறனுங்க அப்பா. லோடுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

அந்த மாதம் முழுக்க அவளை எங்கெங்கோ ஓட்டிப் போனார். டோல்கேட்டில் அவள் லாரி வரிசையில்தான் போய் நின்றாள். எதற்கும் இடதுபக்கமாகவே ஒதுங்கிப் போனாள். ஆடி பதினெட்டுக்கு மேட்டூர் போய்த் திரும்பும்போது, "வீட்டுல தேடுவாங்க" என்றாள். எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை.

கடைசி நாள் பட்டறை வாசலில் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே சம்சுதீன் சங்கிலியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சாமி."

அவள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருந்தாச் சரின்னுதானுங்க அப்பா சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனாக் கேட்டிருக்கலாம்."

பிறகு அவளே அணைந்துகொண்டாள்.

மருமகளோடு அவர் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் மினி பஸ் நின்றிருந்தது. கூடத்தில் அதன் ஓனரும் கண்டக்டரும் பழத்தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ரத்தினம்மாள் தண்ணீர் கொடுத்திருந்தாள்.

"உங்க காரோட இடது ஹெட்லைட்டைக் கேட்டு வந்திருக்கறோமுங்க" என்றார் ஓனர். "எங்க பக்கம் எல்லாருக்கும் சம்மதம்."

கண்டக்டர் எழுந்து கும்பிட்டான்.

"உக்காருங்க. பொண்ணைக் கேட்டுட்டு வந்தர்றேன்" என்றார் செங்கோட்டுவேல்.

வாசலுக்குப் போய்க் காரின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விளக்குகள் இரண்டையும் போட்டுவிட்டு, இடது விளக்கிடம் விஷயத்தை முதலிலிருந்து சொன்னார். இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம், அப்பா ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றும் சொன்னார். அது வெகுநேரம் அவரையே பார்த்தது. பிறகு வெட்கப்பட்டதுபோல் மெல்ல வெளிச்சத்தைத் தாழ்த்திக்கொண்டது.

கூடவே பிறந்த வலது விளக்கு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அதனிடமும் கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது.