பன்னிரண்டாம் பெயர்

கீழ்வானில் ஏறிய கதிரவன் நெசவாலையின் நெடிய புகைபோக்கிகளைத் தொட்டு, ஓடு வேய்ந்த தெருக்களில் வழிந்து, கற்றூண் தாங்கிய கோவிலின் வண்ணக் கண்ணாடிகளிற் புகுந்து, பீடத்தின்முன் கிடந்த பேழைமேல் பொன்னும் குருதியுமாய்ச் சிதறிய காலைப்பொழுது அது. பேழையுள் கிடந்தவர் மூப்பால் மாண்ட ஆலை முதலாளி. அவருக்கு இறுதித் திருப்பலி பாடவேண்டியவளோ, அவ்வாலையில் நூல் சுற்றுபவளும் பாடற்குழுவின் தலைவியுமான ஒருத்தி.

அவள் நெஞ்சம் உலையில் இட்ட இரும்பெனக் கனன்றது. மூன்று திங்களுக்கு முன், முதலாளி சொற்படி வெளியே பூட்டிய ஆலைக்கதவுக்குள் தீயிடைச் சிக்கிப் பதினொரு பெண்கள் மாண்டனர். அவருள் ஒருத்தி அவள் தங்கை. கூட்டம் கூடினால் கொதித்தெழுமென்று முதலாளி அஞ்ச, அவர் மனங்கோண நடவாத பங்குத்தந்தை ஒரு பாட்டுமின்றி அப்பெண்களை மண்ணுக்குள் அனுப்பிவைத்தார்.

“ஆண்டவர் முன்னாடி எல்லாரும் ஒண்ணுதாம்மா. வந்து பாடிடு,” என்றார் பங்குத்தந்தை.

“ஒண்ணுன்னா, என் தங்கச்சிக்கு ஏன் சாமி வாயத் திறக்க விடல?”

“அன்னைக்கு நிலைமை வேற.”

“வாய் அதேதான் சாமி,” என்றவள், மரப்படிகள் அதிரப் பாடற்குழுவின் மாடமேறினாள்.

மன்றாட்டு வேளை வந்தது. இறந்தவர் பெயரை அவள் இசைக்க, இரக்கம் வேண்டி மக்கள் மறுமொழி பாடுவது முறை. அவள் முதலில் இசைத்தது தங்கையின் பெயரை. நாணினின்று விடுபட்ட அம்பென அக்குரல் கூரையைத் தைக்க, பழகிய நாவினராதலின் எண்ணுமுன்னே மக்கள் மறுமொழி பாடினர். இரண்டாம் பெயரில் பாதிப்பேர் திகைத்துப் பாட்டை நிறுத்தினர். மூன்றாவதில், மகளைத் தீக்குக் கொடுத்த வண்டியோட்டி எழுந்து நின்று பாடினார். நான்காவதில் கோவில் முழுதும் எழுந்தது.

“பாட்ட நிறுத்தச் சொல்லுங்க,” என்று முதலாளியின் மகன் பல்லைக் கடித்தான். பங்குத்தந்தை கையை உயர்த்தினார். எழுந்து நின்ற மக்களைக் கண்டு, மெல்லத் தாழ்த்திக்கொண்டார்.

பதினொரு பெயர்களும் முடிந்தன. பன்னிரண்டாவதாக முதலாளியின் பெயரையும் அவள் பாடினாள். அதே பண்ணில், கூட்டாமலும் குறைக்காமலும். மன்னித்ததனால் அன்று, செத்தவர்க்குப் பாட்டை மறுப்பது அவர் செய்த இழிவு, அதைத் தான் செய்யலாகாதென்னும் சினத்தினால். மறுமொழியாய் அவர் மனைவியின் மெலிந்த குரல் மட்டுமே தனித்துக் கேட்டது.

மறுநாளே பாடற்குழுவிலிருந்து அவளை நீக்கினர். கற்றறிந்தீர், அவள் சினம் இன்றும் ஆறவில்லை. ஆறுக என்று நாமும் சொல்லோம். இறந்தார்க்குரிய பாட்டை இருப்பவர் பறிக்கும் ஊரில், சினமும் ஒருவகை வழிபாடே.