ஏழாம் எண் வில்லை

அன்றைய கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். ஆறு தெரியும் ஜன்னலோர நாற்காலியில் சங்கத் தலைவர். எல்லோருக்கும் அவர் கேப்டன். அவருக்கு எதிரே பயிற்சியாளர் அம்மா. மேசைக்குப் பின்னால் குறிப்பேட்டோடு செயலாளர். தச்சர் மட்டும் உட்காரவில்லை. சுவரிலிருந்து கழற்றிய பலகையைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் குந்தியிருந்தார்.

படகுக் கொட்டகையின் மேல்மாடி அது. நூறு வயதைத் தாண்டிய அந்தத் துடுப்புச் சங்கத்துக்குப் பலகைதான் உயிர்நாடி. படகுக்கு ஒன்றாகப் பதினாறு சின்ன வட்ட மரவில்லைகள் அதில் தொங்கும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. ஆற்றில் இறங்குகிறவர் தன் படகின் வில்லையைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் வெள்ளைக்கு. ஒரு சிவப்பு தெரிந்தாலும் பூட்டாமல் தேடப் போக வேண்டும். படகுகளை எண்ணிப் பார்க்கும் வழக்கமில்லை. பலகையை நம்புவதுதான் வழக்கம்.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாலை, எல்லாம் வெள்ளையாக இருக்கக் கண்டு செயலாளர் பூட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் ஏழாம் எண் படகு பாலத்தூணருகே கவிழ்ந்து கிடந்தது. அதைப் பற்றியபடியே குளிரில் விறைத்துப் போயிருந்தவர் செயலாளரின் அக்கா புருஷன். வில்லையைத் திருப்ப மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். அதை அக்காவுக்கு எழுதியவரும் செயலாளர்தான். "இவ்வளவு அசட்டையா ஒரு மனுஷன் இருப்பாரா" என்ற அக்கா, இன்றுவரை புருஷன் படத்தைச் சுவரில் மாட்டவில்லை.

ஏழாம் வில்லையை மரியாதைக்காக அப்படியே ஆணியடித்து நிறுத்திவிட்டார்கள். இப்போது புதுச்சாயம் பூச அதையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

"எந்தப் பக்கம் என்ன கலருன்னு எழுதிக் கொடுத்துடுங்க, சார். இல்லன்னா என் பேர்ல நோட்டீஸ் வரும்" என்றார் தச்சர் செயலாளரிடம்.

"அவரு தும்மினாக்கூட நாலு நகல் எடுப்பாரே" என்று கேப்டன் சிரித்தார்.

தச்சர் வில்லையைப் பெயர்த்தெடுத்துப் புரட்டினார். இன்னொரு தரம் புரட்டினார்.

"என்ன சார் இது? ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு."

செயலாளர் எழுந்து வந்து வாங்கிப் பார்த்தார். விபத்துக்கு முந்திய வாரம், பழைய ஏழாம் வில்லை விரிசல் விட்டுப்போக, புதிதாக ஒன்று அறுத்து, முதல் பூச்சாக இரு பக்கமும் வெள்ளை அடித்தவர் அவர். சிவப்பு டப்பா காய்ந்து கிடந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டிவிட்டார். குறித்து வைக்காமல், அடியோடு மறந்து அவர் விட்ட ஒரே வேலை. அத்தான் திருப்பினாரோ மறந்தாரோ, இனி யாருக்கும் தெரியாது. திருப்பியிருந்தாலும் வெள்ளைதான் தெரிந்திருக்கும். கண்ணை ஆற்றில் வைத்துக்கொண்டு கையால் திருப்புகிறவர் அவர்.

"நான் அடிச்சது" என்றார் செயலாளர்.

கேப்டன், "விடுங்க. ஒரு பக்கம் சிவப்பு அடிச்சு மாட்டிடலாம். நம்ம நாலு பேரோட போகட்டும்" என்றார்.

"அந்தம்மா பன்னிரண்டு வருஷமா செத்தவரைத் திட்டிக்கிட்டு இருக்காங்க, கேப்டன்" என்றார் பயிற்சியாளர் அம்மா.

செயலாளர் மேசைக்குத் திரும்பினார். வழக்கம்போல 'பொருள்' என்று எழுதியவர், அதை அடித்துவிட்டு எழுதினார்:

'அக்கா, அத்தான் மறந்தார் என்று நான் எழுதியது தப்பு. அது எனக்குத் தெரியாத விஷயம். அந்த வில்லைக்குச் சிவப்பு அடிக்காமல் விட்டவன் நான். இதோ அனுப்பியிருக்கிறேன், இரண்டு பக்கமும் பார். அவர் படத்தை மாட்டு. என் முகத்தில் விழிக்காதே என்றாலும் சரி.'

வில்லையை உள்ளே வைத்து உறையை ஒட்டினார். நகல் எடுக்கவில்லை. படியிறங்கித் தெருமுனைக்குப் போய், எடைக்குத் தக்கபடி தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டார். கனத்த உறை அதன் வாயில் சிக்கியது. உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.