ஆறு மாதத் தவணை

இறந்துபோன கணவருக்குச் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. கழுத்துப் பொத்தான் போடாமல் அவரை வீட்டுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று அவள் இழுத்துப் பிடித்துப் போட்டாள்.

தம்பி அறைக்குள் எட்டிப் பார்த்தான். இரும்புக்கடைக்காரன். துக்க வீட்டிலும் வருகிறவர்களைக் கண்ணாலேயே எடை போட்டுவிடுவான்.

"அக்கா, அணுமின் நிலையத்து மேலாளர் வந்திருக்கார். மலர்வளையம் லாரி டயர் சைஸ்ல இருக்கு. வாசல்ல நுழையலை, ரெண்டு பேர் சாய்ச்சுப் பிடிச்சுக் கொண்டு வர்றாங்க."

"அவ்வளவு பெரிசு எதுக்கு?"

"ஏதோ கேட்க வந்திருக்கார். வேற எதுக்கு?"

அவளும் அதே கடையின் கல்லாவுக்குப் பின்னால் முக்காலி போட்டு வளர்ந்தவள்தான். அவளுக்கும் அதேதான் தோன்றியது.

அவள் கணவர் அணுப் பாதுகாப்பு ஆணையத்தில் இருபத்தேழு வருடம் ஆய்வாளர். பார்த்ததெல்லாம் ஒரே விஷயம்: அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் ஒழுங்காக வருகிறதா. பெண் கேட்டு வந்த அன்றே அவளுடைய அப்பா கேட்டுவிட்டார்: "மின்சாரம் பண்ற எடத்துக்கே வெளியேருந்து மின்சாரமா? சர்க்கரை ஆலைக்காரன் மளிகைக்கடையில சர்க்கரை வாங்கின கதையால்ல இருக்கு!" அவர் சிரிக்கவில்லை. உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே நிற்காது, அதைத் தணிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், உலை நின்றிருக்கும்போது அந்தத் தண்ணீரை ஓட்டும் மின்சாரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும், ஒரு லைன் அறுந்தால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். அவர் போனதும் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "இவன் வியாபாரத்துக்கு ஆகமாட்டான். மாப்பிள்ளைக்கு ஆவான்."

மேலாளர் சமையலறை வாசலில் தயங்கி நின்றார். "மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் தனியா பேசலாமா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சார் கடைசியா எழுதின ரிப்போர்ட் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? அந்த ரிப்போர்ட்டுக்காக அவர் நிலையத்துக்கு மின்சாரம் வரும் இரண்டு லைன்களின் அடியிலும் நடந்து பார்த்திருந்தார், நோய் தெரிந்த பிறகு. வரைபடத்தில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆற்றைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் இரண்டும் ஒரே நான்கு டவர்களில் தொங்கின. ஒரு வெள்ளத்தில் அந்த டவர்களில் ஒன்று சாய்ந்தால் சிவப்பும் போகும், நீலமும் போகும். "காகிதத்துல ரெண்டு. நடந்து பார்த்தா ஒண்ணு," என்று வீட்டுக்கு வந்து சேற்றுக் காலோடு சொன்னார். அவற்றைத் தனித்தனி டவர்களுக்கு மாற்றும்வரை, எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்தியிருந்த உலையை மறுபடி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"நாளைக்குக் காலையில ஆணையத்துல விசாரணை," என்றார் மேலாளர். "வெயில் காலம். ஊரே மின்சாரம் மின்சாரம்னு அலறுது. வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், நீங்க கீழே மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அப்போ சார்கிட்ட பேசினேன். 'சரி, உலையை ஓட்டுங்க. ஆறு மாசத்துல டவரை மாத்திடணும்'னு சொன்னார். எழுதித் தர்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. உங்ககிட்டயும் அப்படிச் சொன்னார்னு ஒரு வார்த்தை ஆணையத்துக்குச் சொன்னீங்கன்னா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளி லைன் வந்து சேர்ற எங்க சுவிட்ச்யார்டுக்கே சார் பேரை வைக்கலாம்னு இருக்கோம்."

வியாழக்கிழமை அவர் மருந்து மயக்கத்தில் இருந்தார். நர்ஸ் எதைக் கேட்டாலும் தலையாட்டினார். இவர் கேட்டதற்கும் ஆட்டியிருப்பாரோ? இருபத்தேழு வருடம் ஒரு வாரம்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், அவள் மருந்துக்கடை வரிசையில் நின்ற பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருப்பாரோ?

அவள் அடுப்பு மேடையில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். கடையில், வாங்க வந்தவன் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பா இப்படித்தான் எதையாவது மடித்துக்கொண்டிருப்பார்.

"ஆறு மாசமா?" என்றாள் மெதுவாக. "என்கிட்ட மூணுன்னுல்ல சொன்னார்?"

மேலாளரின் முகம் மலர்ந்தது. "ஆமா மேடம், மூணு! மூணுதான். நான்தான் பதட்டத்துல ஆறுன்னுட்டேன். மூணு மாசத்துல முடிச்சிடலாம்."

"ரெண்டுன்னு சொன்னா?"

"ரெண்டுன்னா... கொஞ்சம் கஷ்டம். ஆனா பார்க்கலாம்."

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"சார், அவர் என்கிட்ட மூணும் சொல்லலை, முப்பதும் சொல்லலை. உங்ககிட்டயும் ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா நீங்க ஆறுலயே நின்னிருப்பீங்க."

மேலாளர் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கண்ணைத் திறந்து பார்த்தார்," என்றார் கடைசியில். "அவ்வளவுதான். நான் பேசப் பேச அப்படியே பார்த்துக்கிட்டே இருந்தார். நான்தான் எழுந்து வந்துட்டேன்."

"அந்தப் பார்வை எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "ஒரு தடவை பால்காரன் தண்ணி கலக்கலைன்னு சத்தியம் பண்ணினான். அவனையும் அப்படித்தான் பார்த்தார். மறுநாள்லேருந்து அவன் இந்தத் தெருப் பக்கமே வரலை."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்று நினைவு வந்து கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

கூடத்தில், ஆணையத்திலிருந்து வந்திருந்த இளம் பெண் ஆய்வாளர் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நாளை அந்த ரிப்போர்ட்டை விசாரணையில் படிக்கப் போகிறவள் அவள்தான். வந்ததிலிருந்து எதையோ கேட்க வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாள்.

"என்னம்மா, கேளு," என்றாள் அவள், கூடத்துக்கு வந்து.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. சார் கடைசி நேரத்துல மனசை மாத்திக்கிட்டார்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு..."

தம்பி கையிலிருந்த தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றான். அவனுடைய கடை போல்ட்டும் நட்டும் பாதி அந்த நிலையத்துக்குத்தான் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"அவர் எழுதினது எழுதினபடி," என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "ஒரு எழுத்து மாத்தலை. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு. விசாரணைக்கு வரணும்னாலும் வர்றேன்."

அந்தப் பெண் நோட்டை எடுத்து, நின்றபடியே எழுதிக்கொண்டாள்.

தம்பி டம்ளரை நீட்டினான். "அக்கா, நீ அப்பாவோட பொண்ணுதான்."

"அவரோட பொண்டாட்டிடா," என்று வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. சந்து குறுகல் என்பதால் தெருமுனையிலேயே நின்றது. அவர் இருந்த பெட்டியை அதுவரை தோளில் கொண்டுபோக வேண்டும். தம்பியும் ஆணையத்து ஆட்கள் நால்வரும் வந்து நின்றார்கள். ஆறாவது ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

மேலாளர் இன்னும் போகவில்லை. வேலியோரம் நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "இல்ல சார், நாளைக்கு ஓட்ட முடியாது... ஆகாதுன்னா ஆகாது சார். புது டவர் போட்டுத்தான் ஆகணும்... நானே வந்து சொல்றேன்." போனை அணைத்துப் பையில் போட்டார். கோட்டைக் கழற்றி வாசலில் கிடந்த நாற்காலியின் முதுகில் மாட்டினார். பெட்டியின் காலியான மூலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவளைப் பார்த்தார்.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

தூக்கியபோதுதான் தெரிந்தது, அறுவரில் அவர்தான் குள்ளம். அவருடைய தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. யாரோ மாறிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் தலையை அசைத்து மறுத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்து, குதிகாலை உயர்த்தி, பெட்டி அந்தப் பக்கம் சாயாதபடி தெருமுனை வரைக்கும் அப்படியே நடந்தார்.