முந்நூற்றுப் பதின்மூன்றாவது காலடி

மதகுக்காரரின் வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி தூரம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது இரண்டு அறை வீடுதான்.

நாற்பது வீடுகள் இருந்த அந்த ஊருக்குத் தலைவர் என்று யாரும் இருந்ததில்லை. வாய்க்கால் மதகைத் திறந்து மூடுவதுதான் மதகுக்காரரின் வேலை. ஒரு கோடையில் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் மண்வெட்டியை ஓங்கியபோது, "காலையில நீ பாய்ச்சு, மத்தியானம் அவன் பாய்ச்சட்டும். போங்கய்யா, போய் வேலையப் பாருங்க" என்றார். கேட்டுக்கொண்டார்கள். அன்று மனைவி நீட்டிய தண்ணீர்ச் செம்பு அவர் கைக்கு எட்டவில்லை. நடுவே ஒரு காலடி தூரம் விழுந்திருந்தது.

பிறகு வேலித் தகராறு, காணாமல்போன ஆடு, பாகப்பிரிவினை எல்லாம் அவரிடமே வந்தன. தீர்ப்புக்கு ஒரு காலடியாக மனிதர்கள் அவரைவிட்டு விலகினார்கள். எவ்வளவு நடந்தாலும் அதற்குமேல் நெருங்க முடியவில்லை. வீடும் உள்ளுக்குள் இழுபட்டு இடம் கொடுத்தது. நூறாவது தீர்ப்புக்குப் பிறகு பேச்சு கேட்கவில்லை. பெரிய குரலும் கூர்மையான காதும் உள்ள தச்சனைப் பேச்சைக் கொண்டுசேர்க்க முன்னால் நிறுத்தினார்கள். இருநூறில், வழக்கோடு வருகிறவர்களின் வரிசையைச் சரிபார்க்க இன்னொருவன் வந்தான். "அண்ணே" என்றவர்கள் "ஐயா" என்றார்கள். தச்சன் எந்தச் சொல்லையும் கொஞ்சம் இழைத்துத்தான் கொடுத்தான், தொழில் புத்தி. அவர் ஒருமுறை "வேற ஆளப் பாருங்க" என்று கத்தினார். அது ஊருக்கு "வேற ஆளு யாரு இருக்கா?" என்று போய்ச் சேர்ந்தது.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை: மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு வேளை சூடாகச் சாப்பிட வேண்டும். அவள் தட்டை வைத்துவிட்டுப் பின்வாங்குவாள்; அவர் நடந்துவந்து எடுப்பதற்குள் ஆறிவிடும்.

பதினோராம் வருடம் அவளே வரிசையில் வந்து நின்றாள்.

"என்ன வழக்கு?" என்றான் தச்சன்.

"எம் புருஷன் வீட்டுக்கு வர்றதில்ல."

"ஐயா வீட்லதானக்கா இருக்காரு?"

"அதத்தான்டா சொல்றேன்."

அந்த ஒன்றை மட்டும் தச்சன் இழைக்காமல் கொண்டுசேர்த்தான். நாலாம் நாள் தீர்ப்பு வந்தது: "அவ சொல்றது நியாயம்."

அன்று மாலை அவள் தட்டை வைத்துவிட்டு, எண்ணிக்கொண்டே பின்வாங்கினாள். அதுவரை இடம் கொடுத்த வீட்டுக்கு, இந்தத் தீர்ப்புக்காக இன்னும் ஒரு காலடி விரியத் தெம்பில்லை. கடைசிக் காலடி பின்வாசலுக்கு வெளியே விழுந்தது. மறுநாள் ஊரார் சேர்ந்து அடுப்பைத் தூக்கி அங்கே வைத்துக் கொடுத்தார்கள். மழைக்கு இருக்கட்டும் என்று தச்சன் மேலே ஒரு தகரம் போட்டான்.